சொர்ணலதா சேர்த்த பக்கம்

இதைக் கட்டுக்கதை என்கிறவர்கள், அல்லிநகரத்தில் பைண்டிங் கடை வைத்திருந்த சுந்தர்ராஜின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் வாய் திறக்கட்டும். எழுபத்தாறில் நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

அவருக்கு ஒரே மகள், சொர்ணலதா. பிறவியிலேயே காது கேட்காது. கடையில் கழித்துப் போட்டதையெல்லாம் பொறுக்கி அவள் புத்தகம் செய்வாள். எழுத்தே இல்லாத புத்தகம்; புரட்டினால் பக்கத்துக்கு ஒரு சத்தம். ஒரு பக்கம் போடி ஏலக்காய்ச் சாக்கு, ஒரு பக்கம் எக்ஸ்ரே பிலிம், ஒரு பக்கம் சிகரெட் பெட்டி ஈயத்தாள். நடுநடுவே சத்தமே எழுப்பாத பஞ்சுப் பக்கம். அட்டையில் கன்னத்தை வைத்துக்கொண்டு புரட்டுவாள். அதிர்வை உணர்ந்து சிரிப்பாள். சுந்தர்ராஜ் அருகில் உட்கார்ந்து, "ஆத்தா சொர்ணம்!" என்று தொண்டை கிழியக் கூப்பிடுவார். திரும்பமாட்டாள். ஒரே ஒரு தடவை தன் குரல் அவளுக்குக் கேட்க வேண்டும்; மனுஷனுக்கு வேறு ஆசையே கிடையாது.

பத்தொன்பது வயதில் மஞ்சள்காமாலை அவளை வாரிக்கொண்டு போனது. கல்லறைத் தோட்டத்தில் சுந்தர்ராஜ் மயங்கி விழுந்தார். குழியை மூடுவதற்கு முன்பே அவரை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார்கள்.

அவள் செய்த கடைசிப் புத்தகத்தை அம்மா கிருபாவதி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

ஒரு வாரம் போயிருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரம். டிரங்குப் பெட்டிக்குள்ளிருந்து...

சரக்... சரக்...

"ஏங்க, எலியா?"

"பேசாத. கேளு."

சாக்குப் பக்கம்! கொஞ்சம் அமைதி. அது பஞ்சு. பிறகு டப்... டப்... எக்ஸ்ரே பிலிம்.

பயமா? பெற்ற பிள்ளைக்குப் பயப்படுகிறவனும் ஒரு தகப்பனா? தினமும் சோற்றைத் தொடாமல் இருவரும் பெட்டியருகே உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டுக் கேட்டு அழுதார்கள்.

ஒரு நாள், கடைசிப் பஞ்சுக்குப் பிறகும் ஒரு சத்தம்.

தொப்... பொலபொல...

அப்படி ஒரு பக்கம் புத்தகத்தில் கிடையாது. சுந்தர்ராஜ் பெட்டியைத் திறந்து, புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். இல்லவே இல்லை.

மறுநாளும் அதே சத்தம். கடையிலிருந்த தாள், துணி, தோல் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். எதுவும் ஒத்துவரவில்லை.

அந்த மாதமே பக்கத்துக் கடை பொன்னுராஜின் தாயார் இறந்தார். போதகர் ஜெபம் முடித்ததும், வழக்கப்படி ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். சுந்தர்ராஜும் ஒரு பிடி அள்ளிக்கொண்டு குழியோரம் குனிந்தார். அவருக்கு முன்னால் நின்றவர் போட்ட மண் சவப்பெட்டிப் பலகையில் விழுந்தது.

தொப்...

பொலபொல...

அள்ளிய மண்ணைப் போடாமல், கையில் பிடித்தபடியே வீட்டுக்கு ஓடி வந்தார்.

"கிருபா... அது மண்ணு. நம்ம பிள்ளை மேல போட்ட மண்ணு. அவளுக்குக் கேட்டிருக்கு. கேட்ட ஒரு நேரத்துல, கூப்பிட நான் அங்கன இல்லாமப் போனேனே!"

கிருபாவதி அழவில்லை. அவரிடம் இத்தனை நாள் சொல்லாததைச் சொன்னாள்.

"மண்ணு விழயில, உள்ள இருந்து தட்டுற சத்தம் கேக்குதுன்னு கத்துனேங்க. புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு என்னை இழுத்துட்டு வந்துட்டாக."