லொங்குய்ய் மெத்ரோ வாசலில் ஒரு கன்ட்ரி பாடகி

கியூபெக்கின் லொங்குய்ய் மெத்ரோ ரயில் நிலைய வாசலில், பாடகர்களுக்கென்று ஒதுக்கிய மூலையில், ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் கிடாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறார். காலில் கௌபாய் பூட்ஸ், கழுத்தில் கம்பளிச் சால்வை. நான் போனில் பேசுவது காதில் விழுந்து திரும்புகிறார்.

"தமிழோ?"

மன்னாரில் பிறந்தவர், பெயர் ஜெசிந்தா. இங்கே வந்த புதிதில் வேலை பார்த்த பேக்கரியில் நாள் முழுக்க ரேடியோவில் பிரெஞ்சு மொழிக் கன்ட்ரி பாட்டுத்தானாம், கௌபாய்களின் நாட்டுப்புறப் பாணியில். அதைக் கேட்டே பிரெஞ்சு கற்று, பிரெஞ்சிலேயே பாட்டெழுதி, கியூபெக்கின் கிராமத்து விழா மேடைகளில் இருபது வருஷம் பாடியிருக்கிறார். போன வருஷம் தொண்டையில் ஆபரேஷன்.

"டாக்டர் பாடலாம்னு சொல்லிட்டாரா அக்கா?"

"கதைக்கலாம் எண்டவர். பாடுறதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. வீட்டில பாடிப் பார்க்கப் பயம். குரல் வராட்டி என்ர மனுசன் அழுதிடுவார். இஞ்ச என்னை ஆருக்குத் தெரியும்?"

சால்வையைத் தளர்த்திக்கொண்டு தொடங்குகிறார். இரண்டாவது வரியில் மேலே ஏறும்போது குரல் உடைகிறது. யாரும் நிற்கவில்லை. சுருதியை இறக்கி மறுபடி தொடங்குகிறார். அதே இடத்தில் உடைகிறது. இன்னும் இறக்குகிறார். இந்த முறை முழுப் பாட்டும் வருகிறது, கரகரப்பாக, ஆண்குரல் போலத் தாழ்ந்து. கடைப் பைகளோடு போன ஒரு கிழவர் நின்று கைதட்டுகிறார்.

அவருக்கு "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டு ஜெசிந்தா வீட்டுக்குப் போன் போடுகிறார்.

"இஞ்சாருங்கோ," என்கிறார் கணவரிடம். "குரல் வேறயாத்தான் கிடக்கு. ஆனா பாடலாம்."