விரல் நீட்டி எண்ணிய காலை

போன மாதம் வார்டு ஆபீசிலிருந்து வீட்டு ஆள் கணக்கெடுக்க வந்தார்கள். வந்தவர் நல்ல மாதிரிதான். வெற்றிலைக் காவியேறிய பல்லைக் காட்டிச் சிரித்தபடி, பேனாவை ஒவ்வொருவர் முகத்துக்கும் நேராக நீட்டி எண்ணினார். பேனா என் பக்கம் திரும்பியதும் நான் சட்டென்று பீரோவுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன். ஐம்பது தாண்டிய மனுஷன் செய்கிற காரியமா இது? என் பர்மிய மனைவி மா தின் அவள் மொழியில் சமாதானம் சொன்னாள்: "அவருக்கு வெட்கம் ஜாஸ்தி, ஸாயா." ஸாயா என்றால் ஐயா மாதிரி.

வெட்கம் உண்மைதான். நாலாம் வகுப்போடு நின்றவன்; நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அன்று ஒதுங்கியது அதனால் இல்லை. அவர் போன பிறகும் வெகுநேரம் வீட்டுக்குள் டர்பன்டைன் வாசனை அடித்தது. எங்கள் வீட்டில் பெயிண்ட் வாசனைக்கு வேலையே இல்லை.

அந்த வாசனை இளவயதில் நான் வேலை பார்த்த கடையுடையது. ஊரை இப்போது யாங்கோன் என்கிறார்கள், என் வாயில் ரங்கூன்தான் வரும். பெயிண்ட் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. முதலாளியை நானா, அதாவது அண்ணன், என்றே கூப்பிடுவோம்; கடற்கரைப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம். கடையின் பின்சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு. திறந்தால் யூதப் பள்ளியின் முற்றம். யூதர்கள் தொழுகிற அந்த இடத்துக்கு நாங்கள் பள்ளி என்றே சொல்லிப் பழகியிருந்தோம்.

அங்கே எல்லாருக்கும் மூத்தவர் ஊ எஸ்ரா; ஊ என்பது பர்மாவில் பெரியவர் பெயருக்கு முன்னால் போடும் மரியாதை. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவிலேயே வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். ஒருநாள் முற்றத்தில் நின்றவர்களை நான் விளையாட்டாக ஒன்று, இரண்டு என்று எண்ணியபோது என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"மனுஷத் தலைய எண்ணக் கூடாது தம்பி. எண்ணினா நோய் வரும். எங்க வேதம் தோராவுல எழுதியிருக்கு."

"அப்ப ஆள் சரியா இருக்குன்னு எப்படித் தெரியும்?"

பத்துச் சொல் உள்ள ஒரு வாக்கியம் இருக்கிறதாம். ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே போவார்களாம். சொல் மிஞ்சாமல் முடிந்தால் பத்துப் பேர்.

அந்த வருஷம் ஊ எஸ்ராவின் தம்பி இறந்துபோனார். முப்பதாவது நாள் வியாழக்கிழமை. அன்று காலை தோராச் சுருளை விரித்து வாசிக்க வேண்டும். இறந்தவருக்காக ஒரு துதியும் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் பத்து ஆண்கள் வேண்டும். ஊரில் மிச்சமிருந்த யூத ஆண்களோ ஒன்பது பேர். ஓட்டலில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு யூதர் பத்தாவதாக வருவதாகச் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து, ஐந்து பேருக்கு மேல் எங்கும் கூடக் கூடாது என்று உத்தரவு. தெருமுனையில் சிப்பாய்கள்.

புதன்கிழமை ஊ எஸ்ரா கடைக்கு வந்தார். "நாளைக்கு என்ன வாசிப்பு தெரியுமா நானா? பொறக்கிற ஆம்பளப் பிள்ளைய எல்லாம் கொல்லச் சொல்றான் ராஜா. ரெண்டு மருத்துவச்சிங்க முடியாதுன்னுட்டாங்க. இத வாசிக்க வேண்டிய அன்னிக்கு நாங்க பயந்து வீட்ல உக்காரவா?"

நானா தாடியைச் சொறிந்தார். "முன்வாசல்ல போனா மாட்டுவீங்க. என் கடை வழியா வாங்க. ஒரே நாள்ல பத்துப் பேர் பெயிண்ட் வாங்க வந்தா எனக்கும் பெருமைதானே?"

வந்தார்கள். ஒருவர் போய்ச் சற்றுக் கழித்து இன்னொருவர். பின்கதவில் நின்று வழிவிட்டவன் நான். பயத்தில் புத்தி மழுங்கிப்போய், ஒவ்வொருவர் முதுகுக்கும் விரல் நீட்டி எண்ணிவிட்டேன். கடைசியாகப் போன ஊ எஸ்ரா ஒன்பது. வெளிநாட்டுக்காரர் சிப்பாய்களைப் பார்த்துத் திரும்பிவிட்டார் போலிருக்கிறது. பத்தாகிவிட வேண்டுமே என்ற தவிப்பில் விரலை என் நெஞ்சில் வைத்து, பத்து என்றேன். யூதனல்லாத என்னைச் சேர்க்க மாட்டார்கள் என்று தெரிந்தும்தான்.

உள்ளே ஊ எஸ்ரா அந்த வாக்கியத்தைச் சொன்னார். ஒரு சொல் மிஞ்சியது. அவர் சுருள் வைத்திருந்த பெட்டகத்தின் கதவை அகலத் திறந்து, இருட்டான அந்த உட்புறத்தைப் பார்த்து மிஞ்சிய சொல்லைச் சொன்னார்.

"பெட்டகம் ஆளாகுமா?" என்று ஒருவர் கேட்டார்.

"இன்னிக்கு ஆகும்."

துதி தொடங்கியது. அப்போதுதான் கடைக்குள் வார்டுத் தலைவர் நுழைந்தார்.

"பின்னால சத்தம் கேக்குது. எத்தனை பேர்?"

"டப்பாவா கேக்குறீங்க ஸாயா? வெள்ளை நாப்பது, பச்சை..." நானா இழுத்தார்.

வார்டுத் தலைவர் அவரை ஒதுக்கிவிட்டு என்னிடம் வந்தார். அவர் முற்றத்தைப் பார்த்து விரலை உயர்த்தியபோது எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியவில்லை.

"எண்ணாதீங்க ஸாயா. எண்ணினா நோய் வரும். எண்ணினவனுக்கா, எண்ணப்பட்டவங்களுக்கான்னு எனக்குத் தெரியாது."

அந்த நேரம் பார்த்து உள்ளே 'ஆமேன்' என்றார்கள். ஒன்பது தொண்டையின் ஆமேன் இல்லை அது. கூட்டமான ஆமேன். அதில் கொஞ்சம் கடைக்குள்ளே என் பக்கவாட்டிலிருந்தும் வந்தது. அங்கே டப்பாக்கள் மட்டுமே இருந்தன. வார்டுத் தலைவர் என்னை விட்டு அந்த டப்பாக்களைப் பார்த்தார். விரலை மடக்கிக்கொண்டார். வந்த வழியே போய்விட்டார்.

"ஊமைன்னுல்ல உன்ன நெனச்சேன்!" என்று நானா என் முதுகில் தட்டினார்.

துதி முழுதாகச் சொல்லி முடித்து ஊ எஸ்ரா வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்து, "நீ எண்ணலியே?" என்றார். இல்லை என்றேன்.

அடுத்த மழைக்காலத்தில் நான் ஒன்று என்று எண்ணியவர் இறந்தார். இரண்டாமவர் தன் மகளோடு வெளிநாடு போனார். மூன்றும் நான்கும் சிட்னி போனதாகக் கேள்வி. ஐந்தாமவர் படகுத்துறையில் மயங்கி விழுந்தவர் எழவில்லை. நடுவில் வரிசை கொஞ்சம் முன்பின்னாக இருந்திருக்கலாம், சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் டப்பா எண்ணக்கூட எனக்குக் கை வராமல் போயிற்று. "கூலி வாங்குறப்ப மட்டும் நல்லா எண்ணுறியே" என்று நானா திட்டுவார்.

மற்ற எட்டுப் பேரும் போன பிறகு ஊ எஸ்ரா ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன்.

"அன்னிக்கு எண்ணினேன் ஐயா."

என் பக்கம் திரும்பிப் படுத்தார். "எத்தனை வந்துச்சு?"

"பத்து."

"ஒன்பது பேர்தானே இருந்தோம்?"

நான் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. "அப்ப என் தம்பிக்குப் பத்துப் பேர் இருந்தோம்" என்றார். பிறகு என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "நீதான் கடைசி. பாத்து இரு."

அவருடைய முப்பதாம் நாளும் வந்தது. தெருமுனையில் சிப்பாய் யாரும் இல்லை. கூடக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை. மீறுவதற்கு ஓர் உத்தரவும் இல்லை. மீற ஆளும் இல்லை. நான் மட்டும் முற்றத்தில் போய் நின்று, துதியும் ஆமேனும் இல்லாத அந்தக் காலையைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.