காற்றுக்கு முன்னால் ஓடிய எண்

எண்ணெய் விலை ஏறிப்போய், இந்தியாவும் டென்மார்க்கும் சேர்ந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்த காலம். 1982இல் நெல்லிவாசல்நாடு என்ற மலையூரில் ஒரு மொட்டைப் பாறைமேல் இரண்டு ஆள் உயரத்துக்குக் கம்பம் நட்டார்கள். உச்சியில் மூன்று கிண்ணங்கள் சுழலும்; சுழலச் சுழல அடியில் ஒரு பெட்டியில் எண் ஏறிக்கொண்டே போகும். ஒரு வருஷம் எண்ணிப் பார்த்து, காற்று போதுமென்று தெரிந்தால், டீசல் இல்லாமலே ஊற்றுத் தண்ணீரை மேலே ஏற்றும் காற்றாடி வரும். தினமும் எண்ணைப் பார்த்து நோட்டில் எழுத, மூன்றாவது வரை படித்த பாஞ்சாலையை வைத்தார்கள்.

கிண்ணங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தால் அவளுக்கு நேரம் போவதே தெரியாது. தண்ணீர் தானாக மலையேறி வந்து வாசலில் நிற்பதாகவும், பள்ளத்து ஊற்றுக்குப் போகும் பாதையைப் புல் மூடிவிட்டதாகவும் பகலிலேயே கனவு காண்பாள்.

தை மாதம் புருஷனின் அண்ணன் ரங்கசாமி சாமை அறுத்து, கம்பத்தை ஒட்டியே களம் போட்டு, வைக்கோல் போரையும் அங்கேயே ஏற்றினார். கிண்ணங்கள் சோம்பிப்போயின.

"மாமா, போரைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. காத்த மறைக்குது."

"இன்னாம்மா நீ, இங்கதான் காத்து இருக்குதுன்னு வெள்ளைக்காரனே வந்து கம்பம் நட்டுட்டுப் போயிருக்கான். இத வுட்டுட்டு நான் எங்க போய்த் தூத்துறது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. மூத்தவரிடம் அதற்குமேல் வாய் கொடுக்க அவளால் முடியவில்லை. அன்றைக்கு நோட்டில் நூறு கூட்டி எழுதினாள். பெட்டியில் முந்தின நாள் எண்ணின்மேலேயே அடுத்த நாள் எண் ஏறுவதால், ஒருநாள் கூட்டிய நூறை மறுநாளும் சுமந்துகொண்டு, அதன்மேல் இன்னொரு நூறு கூட்டியே ஆகவேண்டும் என்பது, பாவம், அவளுக்கு உறைக்கவில்லை. பத்து நாளில் நோட்டு ஆயிரம் முன்னால் ஓடிவிட்டது. அதன்பிறகு கனவில் தண்ணீர் வரவில்லை. காற்று வந்து தன் எண்ணை எட்டிப் பிடிக்காதா என்று மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இலைகூட அசையவில்லை.

மலைக்குக் கீழே ஆலங்காயத்திலிருந்து ஜீப் வந்தது. டென்மார்க்காரர் நீல்ஸ் பெட்டியைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். கூட வந்த அதிகாரி தங்கவேல் வாய் திறப்பதற்குள் பாஞ்சாலை சொல்லிவிட்டாள்.

"நாந்தாங்க கூட எழுதிட்டேன். போரு மறைச்சிடுச்சு. காத்து இல்லன்னு நீங்க போய்ட்டா தண்ணி வராதேன்னு எழுதிட்டேங்க."

தங்கவேல் அதை இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். நீல்ஸ் போரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இரண்டு வார்த்தை சொன்னார்.

"இதுவரைக்கும் எழுதினது செல்லாதும்மா," என்றார் தங்கவேல். "போரை எடுத்துட்டு மொதல்லேர்ந்து ஒரு வருஷம் பாக்கணுமாம்."

இன்னும் ஒரு வருஷம் ஊரே பள்ளத்திலிருந்து குடம் சுமக்கவேண்டும், அதுவும் தன்னால். பாஞ்சாலை நிமிர்ந்து பார்க்கவில்லை. நீல்ஸ் ஜீப்பிலிருந்து புது நோட்டு ஒன்றை எடுத்துவந்து அவளிடமே நீட்டினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த நோட்டைக் கையில் வாங்கியபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.