பெயர் வெட்டிய கேக் தட்டு

வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. எங்கள் ரப்பர் தோட்டத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். பலகாரம் வந்த பாத்திரத்தில் ஒரு பிடி சீனியாவது, நாலு பச்சை மிளகாயாவது போட்டுத்தான் அனுப்புவோம். இதில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் சீனி இல்லாத வாரத்தில் பாத்திரம் அங்கேயே தங்கிவிடும். தங்கியது பழகிவிடும். பொங்கல் வரும்போது அது யாருடையது என்பது இரண்டு வீட்டுக்கும் மறந்திருக்கும்.

ஒரு தீபாவளியில் என் கேக் தட்டுகளில் இரண்டு இப்படித்தான் போயின. அதில் ஒன்று, மகள் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் வாங்கி வந்தது. அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை. அடுத்த தீபாவளிக்கு முன் மிச்சமிருந்த தட்டுகளில் பிளாஸ்டர் ஒட்டிப் பேனையால் பெயர் எழுதினேன். இரண்டு கழுவலில் போய்விட்டது. நகப்பூச்சால் எழுதினேன். ஓவனுக்குள் கருகி நாறியது. கடைசியில் தட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு யட்டியாந்தோட்டைக்கு பஸ் ஏறினேன். பஜாரில் பாத்திரக் கடை வாசலில் ஒருவர் சின்ன மெஷின் வைத்துப் பெயர் வெட்டிக்கொடுப்பார்.

"அடியில வெட்டவா, வெளிம்புல வெட்டவா?" என்று கேட்டார்.

"வெளிம்புல. பாத்தவொடன தெரியணும்."

என் பெயரையும் பின்னால் 'டீச்சர்' என்றும் வெட்டிக் கொடுத்தார். எழுத்து நல்ல ஆழம்.

அந்தத் தட்டுகளில் ஒன்று போன வீடு என் சிநேகிதியின் வீடு. நாங்கள் இருவரும் ஒரே லயத்து வரிசை வீடுகளில், அடுத்தடுத்த காம்பிரா அறையில் பிறந்தவர்கள். சின்ன வயதில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பேசினில்தான் கேக் அடிப்பார்கள். அப்போது தோட்டத்தில் யாரிடமும் ஓவன் கிடையாது. மாவை ஊற்றிய தட்டை பஜார் பேக்கரிக்கு எடுத்துப் போவோம். பாண் ரொட்டி இறக்கிய பிறகு, போறணை அடுப்பின் மிச்சச் சூட்டில் சுட்டுத் தருவார்கள். எல்லாத் தோட்டத்துத் தட்டுகளும் அங்கே வரிசையாக இருக்கும். எங்களுடையதற்கு ஒரு மூலை நசுங்கியிருக்கும். அதுதான் அடையாளம். அது அவர்கள் வீட்டுத் தட்டா, எங்கள் வீட்டுத் தட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவள் எட்டாம் வகுப்போடு நின்று ரப்பர் பால் வெட்டப் போனாள். நான் படித்து, தோட்டத்துப் பாடசாலைக்கே ஆசிரியையாக வந்தேன். ரோட்டோரம் தனி வீடு கட்டிக்கொண்டேன். ஆட்கள் முன்னால் அவள் என்னை 'டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்தாள். பிறகு தனியாக இருக்கும்போதும் அப்படியே கூப்பிட்டாள். நான் தடுக்கவில்லை.

தீபாவளி அன்று காலை கேக்கைத் தட்டோடு எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். பீலியடியில் சிநேகிதியோடு தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் விளிம்பில் இருந்த எழுத்தைப் பார்த்துவிட்டார்கள்.

"டீச்சர், எங்க வீட்டுப் பூனைய ரெண்டு நாளா காணோம். அதுக்கும் ஒரு பேரு வெட்டி விட்டிருந்தா இந்நேரம் வந்து சேந்திருக்கும்!" என்றாள் ஒருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிநேகிதி மட்டும் சிரிக்காமல் எழுத்தின் மேல் விரலை ஓட்டினாள்.

"நல்லா வெட்டியிருக்காங்க டீச்சர்," என்றாள்.

பிறகு மழை பிடித்தது. மகளின் பிறந்தநாளுக்குக் கேக் அடிக்க அந்தத் தட்டு வேண்டியிருந்தது. வேறு தட்டு இல்லாமல் இல்லை. அந்த அளவில் அது ஒன்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அவளுக்கு போனில் குரல் பதிவு அனுப்பினேன். "சனிக்கெழமைக்கு முன்னுக்கு அந்தத் தட்டு வேணும் புள்ள. பேரு போட்ட தட்டு. மறந்துறாத." அந்தப் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது. குரல் அவ்வளவு கடுமையில்லை. பாடம் எழுதாத பிள்ளையிடம் பேசுகிற குரல், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் வெடிப்பு விட்டிருக்கிறது என்று எல்லோரையும் பாடசாலைக்கு இறங்கச் சொன்னார்கள். நான் வகுப்பறைகளைத் திறந்து பாய் விரித்துக்கொண்டிருந்தேன். கையில் பாய், காதில் போன். மகள் கொழும்பில் பஸ் ஏறிவிட்டதாகச் சொல்லியிருந்தாள். இறங்கித் திரும்பிப் போ என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டிருந்தேன். சிக்னல் வந்து வந்து போனது. இடையில் சிநேகிதி பிள்ளைகளோடு நனைந்து வந்து சேர்ந்தாள். என்னைப் பார்த்ததும் வாயில் கை வைத்தாள்.

"ஐயோ டீச்சர், ஒங்க தட்டு அங்கயே கெடக்கு!"

"மொதல்ல அதயில்ல தூக்கிட்டு வந்திருக்கணும்!" என்றேன்.

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவளும் சிரித்தாள். போன் மறுபடி அடித்தது. நான் திரும்பிக்கொண்டேன்.

பத்து மணிபோல மழை கொஞ்சம் விட்டது. அவள் மேலே போனதை நான் பார்க்கவில்லை. "அம்மா சாமான் எடுக்கப் போயிருக்கு," என்று அவளுடைய சின்ன மகள் பிறகு சொன்னாள். நாங்கள் சத்தத்தைக் கேட்டோம். மண்மேடு சரிந்து லயத்தின் பின்சுவரைத் தள்ளிவிட்டது. கழற்றிய கதவு ஒன்றில் கிடத்தி அவளைத் தூக்கி வந்தார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது. என் மகள் அந்நேரம் பாதி வழியில் இறங்கி, பத்திரமாகக் கொழும்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

காலுக்குள் கம்பி வைத்துத் தைத்தார்கள். இனி அவளால் ரப்பர் மலை ஏற முடியாது.

மூன்று வாரம் கழித்து அவள் புருஷன் என் வீட்டுக்கு வந்தார். கையில் தட்டு. தேய்த்துக் கழுவி, ஒரு பிடி சீனி போட்டுக் காகிதத்தால் மூடியிருந்தது.

"வாசப்படியில கெடந்துச்சுங்க டீச்சர். சேலத் துண்டுல சுத்தியிருந்துச்சு. சீனி போட்டுக் குடுக்கச் சொன்னா."

அந்தச் சீனியை நான் தேநீரில் போடவில்லை, கொட்டவும் இல்லை. எறும்பு தின்றது.

கோயிலில் அன்னதானத்துக்குப் பாத்திரம் சேர்த்தபோது, என் காதில் விழும்படி ஒருத்தி சொன்னாள்: "டீச்சர் வீட்டுச் சாமான வாங்காதீங்கடி. அப்பறம் காலக் குடுத்துத்தான் திருப்பணும்." யாரும் சிரிக்கவில்லை. பூனைக்குப் பெயர் வெட்டச் சொன்னதும் அவள்தான்.

அன்று மாலையே சிநேகிதியைப் பார்க்கப் போனேன். அவளுடைய நாத்தனார் வீட்டுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்குப் புள்ள திரும்பிப் போன?"

"ஐடென்டிட்டி கார்ட் எடுக்க."

"அதுக்கு மட்டுமா?"

காலுக்கடியிலிருந்த தலையணையை நகர்த்தி வைத்தாள்.

"பேரு வெட்டாம குடுத்திருந்தீங்கன்னா மண்ணோட போகட்டும்னு விட்டிருப்பேன் டீச்சர். பேரு போட்ட சாமான நான் எப்பிடித் தொலைக்கிறது? நாளைக்குப் பீலியடியில என்னா சொல்லுவாங்க?"

"நான் வெளையாட்டுக்குச் சொன்னேன்."

"தெரியும். நானுந்தான சிரிச்சேன்."

தேநீர் தரச் சொல்லி நாத்தனாரைக் கூப்பிட்டாள். குடித்துவிட்டு வந்தேன்.

இந்த வருடம் மகளின் பிறந்தநாளுக்கு நான் கேக் அடிக்கவில்லை. மகள் கேட்டதற்கு ஓவன் பழுது என்றேன். பஜாரில் ஒரு கேக் வாங்கினோம், காகிதப் பெட்டியில் வருமே, அது. பாதியை வெட்டி அதே பெட்டியில் வைத்து, சிநேகிதிக்கு மகளிடம் கொடுத்தனுப்பினேன். அந்தப் பெட்டியில் எந்தப் பெயரும் இல்லை. அதைத் திருப்பித் தர வேண்டிய தேவையும் யாருக்கும் இல்லை. அதற்காகவேதான் கடையில் வாங்கினேன்.

மறுநாள் காலை அவள் புருஷன் வாசலில் நின்றார். "ஒங்க பெட்டிங்க டீச்சர்," என்று நீட்டினார்.

"காகிதப் பெட்டிய எல்லாமா திருப்பிக் குடுப்பாங்க?" என்று மகள் சிரித்தாள்.

நான் வாங்கித் திறந்து பார்த்தேன். துணியால் துடைத்திருந்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை.