ஆடு மேய்ந்த ரோஜா

எங்கள் தெருவில் ரோஜாச் செடி கூரை ஏறிய ஒரே வீடு எங்களுடையது. இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குத் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. பெரம்பலூர்க் கரிசலிலும் போர்வெல் தண்ணீரின் உப்பிலும் ரோஜா உயிர் பிழைப்பதே பெரும்பாடு. அங்கே குளியலறைக் கூரை தெரியாதபடி பூத்துக் கிடந்தது என்றால் அது அம்மாவின் கைராசி. அதை ஒப்புக்கொள்ளாதவள் அப்பாவின் அக்கா, அரியலூர் அத்தை மட்டும்தான்.

செடியைக் கொடுத்தவளே அவள்தான். ஏற்காடு டூர் போனபோது சிவப்பு ரோஜாச் செடி இரண்டு வாங்கி, ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றதை எங்களுக்குத் தந்தாள். அவளுடையது சீக்கிரமே கருகியது. எங்களுடையதைப் பக்கத்து வீட்டு ஆடு மேய்ந்து, விரல் நீளக் குச்சியை மட்டும் பெரிய மனசோடு விட்டுவைத்தது. அம்மா அந்தக் குச்சியைச் சுற்றி முள் கட்டி, அரிசி கழுவிய தண்ணீரை விடாமல் ஊற்றினாள். மழை முடிந்ததும் அடியிலிருந்து துளிர் கிளம்பியது. அப்புறம் அதை யாராலும் பிடிக்க முடியவில்லை. அடுத்த மாசியில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. ஆனால் பூ வெள்ளை, சின்னது, ஐந்தே இதழ்.

தங்கையின் காதுகுத்து அன்று அத்தை அதைப் பார்த்துவிட்டாள்.

"நான் குடுத்தது செவப்பு ரோஸு. இது எந்த வேலியில புடுங்குனது? செத்துப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிடுவ?"

"அதே செடிதாங்க அண்ணி. சத்தியமா."

"செவப்பு வெள்ளையாயிடுமா? யார்கிட்ட கதை சொல்ற?"

சொந்தக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவின் முகம் சுண்டிப்போனது. பொய் சொன்னவள் என்ற பேர் ஒருமுறை விழுந்தால் அந்தக் கூட்டத்தில் அது ஆயுசுக்கும் நிற்கும். அப்பாவுக்கு அந்த நேரம் பார்த்து சாம்பார் கொதித்துவிட்டதா என்று பார்க்கவேண்டிய அவசரம் வந்துவிட்டது.

அம்மாவின் தம்பி திருச்சியில் தாவரவியல் வாத்தியார். புல்லைப் பிடுங்கிப் பார்க்கிற ஆள் என்று மற்ற நாட்களில் கேலி செய்வார்கள். ஆனால் காதுகுத்து வீட்டில் தாய்மாமன் வாயை யாரும் அடைக்க முடியாது. மாமா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செடியடியில் குந்தி, மண்ணை விரலால் தோண்டினார்.

"இங்க பாருங்க. இந்த முடிச்சுலதான் நர்சரியில செவப்பை ஒட்டுக் கட்டியிருக்காங்க. ஆடு மேஞ்சதுல மேல இருந்தது காஞ்சுபோச்சு. கீழ இருந்தது காட்டு ரோஜா. அதுதான் இப்ப வந்திருக்கு. செடி அதே செடிதான்."

ஒரு கிளையை வளைத்துக் காட்டினார். ஒரு காம்பில் ஏழு, ஒன்பது என்று சிற்றிலைகள். காம்படியில் ஒட்டியிருந்த செதிலுக்குச் சீப்புப் பல் போல விளிம்பு. உதிர்ந்த பூ இருந்த இடத்தில் மிளகளவு பச்சைக் காய். இந்தக் காட்டு ரோஜா சீனா, கொரியா, ஜப்பான் பக்கத்து மலையோரங்களில் தானாக முளைத்துப் புதராகப் படர்வதாம்.

"குளிர் தேசத்துச் செடி. நம்ம வெயில்ல இப்படிப் பூத்து நான் பார்த்ததில்ல. அக்கா கைதான் காரணம், வேற என்ன சொல்றது?"

எனக்கு ஆகாயத்தில் பறப்பது போலிருந்தது. சீனாவின் செடியை என் அம்மா பெரம்பலூரில் பூக்க வைத்திருக்கிறாள்! வந்தவர்களையெல்லாம் இழுத்துப் போய்க் காட்டினேன். அத்தை தோற்றுப்போய்விட்டாள் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அத்தை செடியருகே நின்றாள். யாரையும் பார்க்காமல், "எனக்கும் ஒரு கொம்பு ஒடிச்சுக் குடேன்" என்றாள்.

அம்மா இருப்பதிலேயே திடமான கொம்பாகத் தேடி வெட்டினாள். ஈரச் சாக்கில் சுற்றி, அத்தையின் பையில் தானே வைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவங்களுக்கு எதுக்கும்மா குடுத்த? அவ்ளோ பேச்சு பேசுனாங்க. ஒரு மன்னிப்புகூடக் கேக்கல."

"அதான் கேட்டுட்டாங்கல்ல" என்றாள் அம்மா.

அத்தை எப்போது கேட்டாள் என்று நான் ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.