பன்னிரண்டு மாடிக்கும் கடைக்குட்டி

அறுபத்தாறு வயதில் கனகேஸ்வரி ஒரு முடிவெடுத்தார்: இனித் தன்னை யாராவது பார்த்துக்கொள்ளட்டும். கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் உழைத்து ஓய்ந்தவர். கணவர் இல்லை, மகன் ஹரிசன் ரொறன்ரோவில். வெள்ளவத்தை பிளாட்டில் தண்ணீர் நின்றால் அவரேதான் ஆள் பிடிக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் முதியோருக்கென்றே எழும்பியிருந்த பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தின் விளம்பரத்தை மகன் அனுப்பினான். அதில் நரைமுடிப் பெண் ஒருத்தி பால்கனியில் தேநீரோடு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கனகேஸ்வரி குடிபோனது அந்தப் படத்துக்காகத்தான்.

கடல் தெரிந்தது, பொய்யில்லை. துறைமுகத்துக் கிரேன்களுக்கு இடையில். தேநீரும் வந்தது. ஆறுதலாகக் குடிக்கத்தான் முடியவில்லை.

முதல் நாள் காலையிலேயே பக்கத்து வீட்டுத் தியாகராசா கதவைத் தட்டினார். ஓய்வுபெற்ற நில அளவையாளர், எண்பத்தெட்டு வயது.

"பிள்ளை, இந்தப் போனில மகளோட கதைக்க ஏலாமக் கிடக்கு. ஒருக்காப் பாரும்."

போன் பிளைட் மோடில் கிடந்தது.

"நான் ஒரு இடமும் போகேல்லையே" என்றார் அவர், சந்தேகத்தோடு.

புதிதாக வந்த பிள்ளைக்குப் போன் தெரியும் என்ற செய்தி மத்தியானத்துக்குள் எல்லா மாடிக்கும் ஏறிவிட்டது. அங்கே எல்லாரும் எண்பதைத் தாண்டியவர்கள் என்பதைக் கனகேஸ்வரி அப்போதுதான் கவனித்தார். மாலையில் நாலாம் மாடி ஜெஸீமா ஊசியோடு வந்தார்.

"மகள், இதுக்கு நூல் கோத்துத் தாங்க."

"எனக்கும் ஒரு கண் ஒப்பரேஷன் செய்ததுதான்."

"அப்ப மத்தக் கண்ணால கோத்துத் தாங்களே."

உடற்பயிற்சி வகுப்பில் அவரை முன்வரிசையில் நிறுத்தினார்கள். முழங்கால் நோகுது என்று சொன்னபோது பின்வரிசை முழுக்கச் சிரித்தது. குடியிருப்போர் சங்கத்துக்கு அவர் இல்லாத கூட்டத்திலேயே அவரைச் செயலாளராக்கிவிட்டார்கள்.

பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு கிழமை இருந்துவரத் தம்பி வினோதன் வீட்டுக்குப் போனார். அங்கே உண்மையாகவே பார்த்துக்கொண்டார்கள். சமைக்க உதவக் குசினிப் பக்கம் திரும்பினால் தம்பியின் மனைவி தாரிகா, "மச்சாள், நீங்கள் இருங்கோ" என்று கதிரையைக் காட்டினாள். கேட்காமலே சீனி இல்லாத தேத்தண்ணி. காது நன்றாகக் கேட்கும் அவருக்காக ரீவியைச் சத்தமாக வைத்தார்கள். காலி வீதியைக் கடக்கும்போது தம்பி முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "மெல்ல, அக்கா, மெல்ல" என்றான். அவனுக்கே அறுபத்துமூன்று.

நாலாம் நாள் கனகேஸ்வரி பையைக் கட்டினார்.

"என்னக்கா, அதுக்குள்ள? இங்க ஏதும் குறையோ?"

"ஒரு குறையும் இல்லையடா. அதுதான்."

கொட்டாஞ்சேனையில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது கீழே வரவேற்பறையில் தியாகராசாவும் ஜெஸீமாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க போனனீர், பிள்ளை?" தியாகராசாவுக்குக் கோபம். "சொல்லாமக் கொள்ளாமப் போறதே? பொம்பிளைப் பிள்ளை, தனிய."

கனகேஸ்வரியை யாரும் அப்படி அதட்டி எவ்வளவோ காலம். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சொரி ஐயா" என்றார்.

"சரி, சரி, ஏசாதீங்க" என்றார் ஜெஸீமா. "மகள், லிப்ட் நிண்டு போய்க் கெடக்கு. யாராச்சும் ஓடிப்போய் செக்கியூரிட்டிக்கிட்டச் சொல்லணும்."

இருவரும் அவரையே பார்த்தார்கள்.

கனகேஸ்வரி பையை அவர்கள் காலடியில் வைத்துவிட்டுப் போனார். ஓடவில்லை. ஆனாலும் கொஞ்சம் வேகமாகத்தான் நடந்தார்.