அறுபதுக்கு ஒன்று குறைவு

எங்கள் பயிற்சி மையத்தில் அவளுக்குக் கணக்கு மிஸ் என்றுதான் பெயர். மருத்துவமனை ஆய்வுக்கூடப் பயிற்சியில் சேர ஒரு பொதுக் கணக்குத் தேர்வு உண்டு. அதற்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது அவள் வேலை. பிளைவுட் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் மொழிப்பாடம் எடுக்கிறேன். வருஷத்துக்கு நாற்பது பேராவது அவளிடம் படித்துத் தேறிப் போகிறார்கள். அவள் மட்டும் அந்தத் தேர்வில் தேறியதே இல்லை. மையத்தில் இது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

முதல் முறை எழுதியபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. கூடவே அவளுடைய அக்காவும் எழுதினாள். அக்காவுக்கு இருபத்துநான்கு; வயது வரம்புப்படி அதுதான் கடைசி வாய்ப்பு. அதற்கு முன்பே மூன்று தடவை கோட்டை விட்டிருந்தாள். அப்பா பேருந்து ஓட்டுநர். அம்மா வீட்டிலேயே துணி தைப்பாள். தையல் மேசையில் கிடக்கும் துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரே ஒரு மாதிரி வினாத்தாள் புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்காருவார்கள். சொல்லிக் கொடுத்தது தங்கைதான்.

"காரணமெல்லாம் வேணாம்டி. எதை எதால பெருக்கணும், அதை மட்டும் சொல்லு" என்பாள் அக்கா.

"கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேட்டா மாட்டிப்பேக்கா."

"கேக்கறப்ப பாத்துக்கலாம்."

இப்படியே ஆறு மாதம் ஓடியது. தேர்வில் நூறு கேள்வி. அறுபது எடுத்தால் இடம். அக்கா மளமளவென்று நூறையும் நிரப்பிவிட்டு வந்தாள். தங்கை ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து எழுதியதில், மணி அடித்தபோது அறுபத்திரண்டுதான் முடிந்திருந்தது. முடிவு வந்தது. அக்கா அறுபது. தங்கை ஐம்பத்தொன்பது.

கூடவே விடைக்குறிப்பும் வெளியானது. முப்பத்தேழாவது கேள்வியில் தங்கையின் விரல் நின்றது. ஒருவர் முதல் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்கு ஏற முப்பது விநாடி ஆகிறது; அதே வேகத்தில் முதல் மாடியிலிருந்து ஆறாம் மாடிக்கு ஏற எத்தனை விநாடி? குறிப்பில் அறுபது என்று இருந்தது. தங்கை எழுதியது எழுபத்தைந்து. அக்கா எழுதியது அறுபது.

அவர்கள் குடியிருந்ததே நான்காம் மாடியில். அக்காவைக் கையைப் பிடித்துப் படிக்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

"இங்க பாருக்கா. முதல் மாடியில இருந்து மூணாவதுக்கு ரெண்டு ஏத்தம்தான். ரெண்டுக்கு முப்பது விநாடி. ஆறாவதுக்கு அஞ்சு ஏத்தம். அப்ப எழுபத்தஞ்சு."

ஏறியே காட்டினாள். அக்கா கைப்பிடியைப் பிடித்தபடி கீழேயே நின்றாள்.

"அவங்க அறுபதுன்னு போட்டிருக்காங்களே. அவங்க சொல்றதுதானே விடை?"

விடைக்குறிப்பில் தவறு இருந்தால் பத்து நாளுக்குள் படிவம் அனுப்பலாம். அப்பாவே படிவத்தை வாங்கி வந்தார். தங்கை நிரப்பி முடித்ததும் பேனாவை மூடியபடி அவர் கேட்டார்: "அப்ப பெரியவளுக்கு?"

விடை திருத்தப்பட்டால் தங்கைக்கு அறுபது, அக்காவுக்கு ஐம்பத்தொன்பது. அந்தக் கணக்கைப் போட வீட்டில் யாருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை.

மறுநாள் அம்மா தையலை நிறுத்திவிட்டுப் பேச்செடுத்தாள். "உனக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்குடி. அவளுக்கு இதோட முடிஞ்சுது."

"நான் எந்தத் தப்பும் பண்ணலையேம்மா."

"பண்ணேன்னு யாரு சொன்னா? விட்டுக் குடுன்னுதான் கேக்கறேன்."

அப்பா "உன் இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலே வேலைக்குக் கிளம்பினார். அக்கா வாயே திறக்கவில்லை. தங்கை எதிர்பார்த்தது ஒரே ஒரு வார்த்தைதான். "உன் விடைதான் சரி" என்று அக்கா சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே படிவத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன் என்று என்னிடம் சொன்னாள். பத்தாம் நாள் மாலை அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அனுப்பிட்டியா?"

"இல்ல."

"சரி" என்று எழுந்து குளிக்கப் போய்விட்டாள்.

எத்தனையோ ஆயிரம் பேர் எழுதிய தேர்வு, வேறு யாராவது அனுப்பியிருப்பார்கள் என்று தங்கைக்கு உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. விடை மாறவே இல்லை. அக்கா பயிற்சியில் சேர்ந்தாள்.

அடுத்த வருஷம் இவள் மறுபடி எழுதினாள். ஆனால் கேள்வியைப் படித்ததும், இதற்கு விடை என்ன என்று மனம் போகவில்லை. இதற்கு அவர்கள் என்ன விடை வைத்திருப்பார்கள் என்று போனது. வட்டத்தை நிரப்புவாள், அழிப்பாள், வேறொன்றை நிரப்புவாள். அழித்து அழித்துத் தாள் நைந்துபோனது. ஐம்பத்தொன்று. அதற்கடுத்த வருஷம் நாற்பத்துநான்கு. பிறகு விண்ணப்பமே போடவில்லை. இந்த மையத்துக்கு வேலைக்கு வந்தாள்.

"ரொம்ப யோசிக்காதீங்க. யோசிக்கிறவங்க ஐம்பத்தொன்பதுலயே நின்னுடுவாங்க" என்று வகுப்பில் சொல்வாள். பிள்ளைகள் ஜோக் என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அக்கா இப்போது ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் பிரிவுப் பொறுப்பாளர். இந்த வருஷத் தொடக்கத்தில் தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு மையத்துக்கு வந்தாள். பேசியது எல்லாம் தடுப்பு வழியாக எனக்குக் கேட்டது.

"இவ இந்தத் தடவை எழுதறா. நீதான் பாத்துக்கணும்" என்றாள் அக்கா. பிறகு பெண்ணிடம் திரும்பினாள் போல. "சித்திக்குக் கணக்கு நல்லாவே வரும்டி. பாவம், பரீட்சைன்னாதான் கை நடுங்கிடும். எனக்கு அந்தப் பயமே கிடையாது. உக்காந்தேன், எழுதினேன், வந்தேன்."

குத்திக்காட்ட வேண்டும் என்று அவள் சொன்ன மாதிரி தெரியவில்லை. அப்படித்தான் நடந்தது என்று அவளே நம்பிவிட்டிருந்தாள்.

கணக்கு மிஸ் நோட்டை மூடும் சத்தம் கேட்டது.

"இடம் இல்லக்கா. பேட்ச் நிறைஞ்சிடுச்சு."

"என்னடி விளையாடற? நாலு நாற்காலி காலியாக் கிடக்கு."

"அதுக்கு ஆள் வராங்க."

"சொந்த அக்கா பொண்ணுடி இவ!"

அக்காவின் செருப்புச் சத்தம் வேகமாக வெளியே போனது. அந்தப் பெண் மட்டும் வாசலில் நின்று "வரேன் சித்தி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் எட்டிப் பார்த்தேன். கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தாள். அதில் எழுத்தே இல்லை.

"அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணல. நல்ல பொண்ணு" என்றாள். "முடியாதுன்னு ஒரு தடவையாவது சொல்லிட்டா மனசு ஆறிடும்னு நினைச்சேன். ஆறல."

அன்றோடு அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். அம்மா போனில் அழுதாள். அந்தப் பெண் எந்த மையத்தில் சேர்ந்தாள் என்று ஒரு மாதம் கழித்துக் கணக்கு மிஸ் தானே விசாரித்தாள். அங்கே கணக்குச் சொல்லிக் கொடுப்பவர் சரியில்லை என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் அந்தப் பெண்ணை அவள் கூப்பிடவில்லை.